காரை எடுக்க எழுந்தவன்

அன்புள்ள குட்டிம்மா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரியில்லை. "அப்பா, உங்களுக்குப் பிடிச்ச க்ளோசர் எது?" என்றாய். ட்ரம் கோரில், அதாவது ஹார்னும் மேளமுமாக மைதானத்தில் அணிவகுத்துப் போட்டிக்கு வாசிக்கிற உங்கள் மாதிரிக் குழுக்களில், ஷோவை முடிக்கிற கடைசிப் பாட்டைத்தான் கேட்டாய். "எல்லாமே சத்தம்தானேம்மா" என்று சொல்லிவிட்டேன். நீ சிரித்தாய், அம்மாவிடம் கொடுங்கள் என்றாய். அன்று ராத்திரி வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது. போனில் எனக்கு யோசனை ஓடாது, உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். 2019 ஆகஸ்ட், இண்டியானாபொலிஸ், சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்றான வியாழக்கிழமை ப்ரிலிம்ஸ். குழுவில் உன் முதல் வருஷம். க்ளோசருக்கு முந்தைய அந்த மெதுவான பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போதே நானும் எழுந்துவிட்டேன். பார்க்கிங்கிலிருந்து காரை முதலில் வெளியே எடுத்துவிட்டால் உங்கள் பஸ் நிற்கிற இடத்துக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்று கணக்கு. நீ வியர்வையோடு ஓடிவந்து, "கடைசி எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டாய். "பிரமாதம்" என்றேன். நான் பார்க்கவே இல்லை. நீங்கள் அதை வாசித்தபோது நான் பார்க்கிங் கட்டடத்தின் மூன்றாவது மாடிப் படியில் இருந்தேன். அம்மா இன்றுவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இது என் பழைய வியாதி. சென்னையில் டிசம்பர் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்குப் போகிற ஆள் நான். மங்களம் பாடும்போது என் ஸ்கூட்டர் அடுத்த சிக்னலில் நிற்கும். அதில் பெரிதாக எதையும் இழந்ததாகவும் தோன்றியதில்லை. சௌராஷ்டிரத்திலோ மத்யமாவதியிலோ நிதானமாக முடித்து, வணக்கம் வைத்து எழுந்துவிடுவார்கள். உங்கள் ஊர் வழக்கம் நேர் தலைகீழ் என்று எனக்கு அப்போது தெரியாது. பத்து நிமிஷம் ஓடி ஓடி ஊதி, உதடு மரத்து, மூச்சு இரைக்கிற நேரம் பார்த்துத்தான் இருப்பதிலேயே வேகமான ஓட்டத்தையும் இருப்பதிலேயே உரத்த இடத்தையும் வைக்கிறார்கள். "இதை யோசிச்சவங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாதா?" என்று அம்மா கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா?

2020 கோடையை மொத்தமாக ரத்து செய்தார்களே, அப்போதுதான் எனக்குப் பாடம் ஆரம்பித்தது. நீ பேஸ்மெண்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பழைய ஷோக்களைப் போட்டுப் பார்த்தாய். துணிக்கு இஸ்திரி போடுகிற சாக்கில் நானும் உட்கார்ந்தேன். அதுவரை ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ட்ரம் கார்ப்ஸ்' என்றே சொல்லிக்கொண்டிருந்தவன் அந்த மாதம்தான் 'கோர்' என்று சொல்லப் பழகினேன்.

முதலில் எனக்குப் பிடித்துப்போனது மாடிசன் ஸ்கவுட்ஸ் குழு, 1988, கன்சாஸ் சிட்டி. கடைசியில் மலகேன்யா. கியூபாக்காரர் எர்னெஸ்டோ லெகுவோனா பியானோவுக்கு எழுதியது, அதை ஸ்டான் கென்டனின் ஜாஸ் குழு ஊதித் தள்ளியது, அதற்கப்புறம் இந்தப் பையன்கள் கையில் மாட்டிக்கொண்டது. கோயில் புறப்பாட்டில் இரண்டு செட் நாதஸ்வரமும் நாலு தவிலும் ஒன்றாகக் கிளம்பினால் பேச்சை நிறுத்திவிடுவோம் இல்லையா, அந்த மாதிரி. அதில் நுணுக்கம் கம்மி என்று நீ சொன்னாய். இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்த அன்று உன் பச்சைச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியை வைத்தபடியே மறந்துவிட்டேன். அந்த முக்கோணத் தழும்பு அப்படி வந்ததுதான்.

அடுத்தது ஃபாண்டம் ரெஜிமெண்ட் குழுவின் ஸ்பார்ட்டகஸ், 2008. ரோமாபுரியில் கலகம் செய்த அடிமையின் கதை. பாதி தெருக்கூத்து என்றுதான் முதலில் நினைத்தேன். அடிமை வேஷம், ஈட்டி, கடைசியில் முன்னால் நின்று கைவீசி குழுவை நடத்துகிற ட்ரம் மேஜரையே குத்திச் சாய்க்கிறார்கள். ஆனால் ஒருவர் மாற்றி ஒருவர் "நான்தான் ஸ்பார்ட்டகஸ்" என்று கத்துகிறார்களே, அங்கே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பிறகு மார்க்கைப் பார்த்தேன். 98.125. இரண்டாவது வந்த ப்ளூ டெவில்ஸ் 98.100. பத்தில் ஒரு புள்ளியில் கால் பங்கு! முப்பது வருஷம் ஆடிட் பார்த்தவன் நான், அவ்வளவு சின்ன வித்தியாசம் வந்தால் ரவுண்டிங் என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவேன். அங்கே அதற்கு ஒரு சாம்பியன்ஷிப் கொடுக்கிறார்கள்.

உனக்கு உயிரான ஸ்டார் ஆஃப் இண்டியானா குழுவின் 1993 ஷோ மட்டும் எனக்கு இன்றைக்கும் இறங்கவில்லை. பார்பரின் மெடியா, பார்டாக்கின் இசை எல்லாம் பெரிய சங்கதிதான். இரண்டாவது இடம் வந்து, அத்தோடு போட்டியையே விட்டு விலகி, பின்னால் ப்ளாஸ்ட் என்ற நிகழ்ச்சியோடு நியூயார்க் பிராட்வே மேடை வரை போனார்கள் என்று நீ சொன்ன கதையும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த முடிவைக் கேட்டால் யாரோ என்னைத் திட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போன மாதிரி இருக்கிறது. மூன்று தடவை முயற்சி செய்துவிட்டேன். விட்டுவிடு.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. பாஸ்டன் பக்கத்து ரெவீர் ஊரின் 27ஆவது லான்சர்ஸ் குழு, 'டேனி பாய்' பாட்டு. ஓட்டமும் கிடையாது, வித்தையும் கிடையாது. தூரப் போகிற பிள்ளையை வழியனுப்பும் அப்பனோ அம்மாவோ பாடுவது என்று பலரும் அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். 1980இல் லேக் ப்ளாசிட் குளிர்கால ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் வாசித்த குழு, இன்று அந்தக் குழுவே இல்லை. அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். நீ சியாட்டிலுக்குப் போன வாரம் அம்மா அதைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இவை எதுவும் என் பதில் இல்லை.

2022 ஜூனில் நானும் அம்மாவும் உங்கள் சாப்பாட்டு லாரியில் பத்து நாள் வேலை செய்தோமே. நாளைக்கு நாலு வேளை, ஊழியர்களையும் சேர்த்து கிட்டத்தட்ட இருநூறு வாய். ஒரு நாள் மதியத்துக்கு அம்மா கெஞ்சிக் கூத்தாடி எலுமிச்சை சாதம் செய்ய அனுமதி வாங்கினாள். கடுகு வெடித்த சத்தத்தைக் கேட்டு ஸ்நேர் மேளம் வாசிக்கிற பையன் ஒருவன் லாரிக்குள் எட்டிப் பார்த்து, "ரோல் சுத்தமா இல்லையே" என்றான். மேளத்தை விடாமல் உருட்டி அடிப்பதுதான் அவர்களுக்கு ரோல். அன்று சாயங்காலம் ஏதோ ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், வெயில் இன்னும் இறங்காத நேரம், உங்களுக்குத் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். க்ளோசர் அப்போது முடிந்திருக்கவில்லை. பாட்டு இருந்தது, கடைசிப் பக்கத்துக்கு எங்கே ஓட வேண்டும் என்பது இல்லை. சீசன் தொடங்கிய பிறகும் முடிவு தயாராகாமல் இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கடைசிப் பதினாறு எண்ணிக்கையைச் சொல்லிக்கொடுத்தார்கள். கலைந்து கிடக்கிற எல்லோரும் பதினாறாவது எண்ணிக்கையில் ஒரே கோடாக வந்து நிற்க வேண்டும், அந்தக் கோடு அப்படியே முன்னால் வர வேண்டும். முதலில் ஹார்ன் இல்லாமல், பாடிக்கொண்டே நடந்தீர்கள். டா டா என்று வெறும் வாயால். கோணல். மறுபடியும். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார் அந்த ஆசிரியர். நம் தாலுகா ஆபீசில் 'நாளைக்கு வாங்க' என்று சொல்வார்களே, அந்த அளவுக்குத்தான் அதை நம்பலாம் என்று பக்கத்தில் நின்ற இன்னொரு அப்பாவிடம் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. நான் எண்ணியது பதினொரு தடவை. எல்லோரும் ஒரே தொப்பி, ஒரே பனியன் நிறம். உன்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எட்டாவது தடவை போலத்தான் உன் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பையைச் சுமந்த தோள். பதினொன்றாவது தடவை ஹார்னோடு. கோடு நேராக வந்தது. என் கையிலிருந்த தண்ணீர்க் கேனை இன்னும் கீழே வைக்கவில்லை. அப்போது உனக்குப் பின்னால் இருந்த பையன் ஒருவன் தலை குப்புற விழுந்தான், எல்லோரும் சிரித்தீர்கள், அவனும் சிரித்தான்.

அதுதான் எனக்குப் பிடித்த க்ளோசர். ரெக்கார்டிங் கிடையாது, மார்க் கிடையாது.

அடுத்த வருஷம் உன் கடைசி ராத்திரி, வெள்ளிக்கிழமை செமிஸ், அதாவது அரையிறுதி. சனிக்கிழமை ஃபைனல்ஸுக்குப் போகிற பன்னிரண்டு குழுக்களுக்குள் வரமாட்டோம் என்று உங்களுக்குத் தெரிந்தே வாசித்தீர்கள், சனிக்கிழமைக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. நான் அசையவில்லை. கடைசி ஸ்வரத்தை நீங்கள் வெட்டிய பிறகும் அந்த ஸ்டேடியத்தின் கூரை அதை ஒரு கணம் வைத்துக்கொண்டுதான் விட்டது. வெளியே வந்தாய், ஆனால் கடைசி எப்படி இருந்தது என்று அன்று நீ கேட்கவில்லை. கேட்பாய் என்று பதிலோடு நின்றுகொண்டிருந்தேன்.

இந்த ஆகஸ்டுக்கு இண்டியானாபொலிஸில் மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன், வெள்ளியும் சனியும். லீவு போட முடிகிறதா என்று பார்த்துச் சொல். முடியாவிட்டால் அம்மாவின் தம்பியைக் கூட்டிப்போவேன், அவன் நடுவிலேயே தூங்குவான். காரை இந்தத் தடவை தூரத்தில்தான் நிறுத்தப்போகிறேன். நடக்கிற மாதிரி செருப்பு போட்டுக்கொண்டு வா.

அப்பா