ரிச்மண்டுக்கு ஒரு நாள் போய் வா

அன்புள்ள கண்ணம்மா,

நீ போன முறை வந்தபோது கொடுத்துவிட்டுப் போன புத்தகத்தை, ரிச்மண்ட் ஊரின் பழைய இசைத்தட்டு நிறுவனமான ஜெனட் ரெக்கார்ட்ஸ் பற்றி ரிக் கென்னடி எழுதியதை, இரண்டு தடவை படித்துவிட்டேன். விளக்கை அணைக்கச் சொல்லிச் சொல்லி அம்மா ஓய்ந்து போனாள். இண்டியானாபோலிஸிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் ரிச்மண்ட், இத்தனை பக்கத்தில் இருந்தும் நீ அங்கே போனதில்லை என்றாயே, அதனால்தான் எழுதுகிறேன்.

கிங் ஆலிவரின் ஜாஸ் குழு வாசித்த இசைத்தட்டுகளை எத்தனை வருடமாகக் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். டிரம் சத்தம் மட்டும் எங்கோ ஒளிந்துகொண்டிருக்கும். ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் அப்படித்தான் அடக்கி வாசித்திருக்கிறார்கள் என்று நானாக நினைத்திருந்தேன். தப்பு. 1923 ஏப்ரல் 5, 6 தேதிகளில் ரிச்மண்டில் அவர்கள் வாசித்தபோது மைக்கே கிடையாது. பெரிய குழல் ஒன்று, அது வாங்கும் சத்தத்தில் அதிரும் ஊசி, அதற்குக் கீழே சுழலும் மெழுகுத் தட்டு. டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்று டிரம் வாசித்த பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டியே தாளம் போட்டார். லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு அப்போது 21 வயது, அவர் ஊதிய கார்னெட், டிரம்பெட் மாதிரியான கருவி, குருநாதர் ஆலிவரையே மூழ்கடித்ததால் அவரை எல்லோருக்கும் பின்னால் தள்ளி நிற்க வைத்தார்களாம், பியானோ வாசித்த லில் ஹார்டின் பிற்பாடு சொன்னது. மெழுகு இளகியிருக்க வேண்டுமென்று அறையை வெக்கையாக வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே தண்டவாளம், ரயில் வந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டு அதே பாட்டைக் கேட்டேன் கண்ணம்மா, கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் அந்தக் குழலுக்குள் நுழைந்த அளவைத்தான் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் அதில் இருக்கிறது, மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கறுப்பின மேதைகளின் இசையைப் பதிந்த அதே நிறுவனம், அதே காலத்தில், காசு கொடுத்த கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்து ஆட்களுக்கும் இசைத்தட்டு அடித்துக் கொடுத்திருக்கிறது. அதை மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் இவ்வளவு மதிப்பு.

1939-இல் வந்த 'ஜாஸ்மென்' புத்தகம் கிடைத்தால் அதையும் வாங்கி வை. அதற்காகத் தகவல் தேடியவர்கள்தான் லூசியானாவின் நியூ ஐபீரியாவில் பல் போய், வாசிப்பே நின்றுபோயிருந்த பழைய டிரம்பெட் கலைஞர் பங்க் ஜான்சனைக் கண்டுபிடித்தார்கள். ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷேயின் அண்ணன் பல் மருத்துவர், அவர் பல் செட் கட்டிக் கொடுக்க, 1942-இல் பங்க் டிரம்பெட்டோடு ஒலிப்பதிவுக்கு வந்து நின்றார். தன் வயதைக் கூட்டிச் சொன்னார், பழைய கதைகளை ஏற்றிச் சொன்னார் என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். சரி, அதுவும் உண்மையாக இருக்கட்டும். ஒரு புத்தக வேலை ஒரு மனிதரை மறுபடி வாசிக்க வைத்ததே!

வரும் சனிக்கிழமை போய் வா. ஒயிட்வாட்டர் பள்ளத்தாக்கில் ஜெனட்டை நடத்திய பழைய ஸ்டார் பியானோ தொழிற்சாலையின் மிச்சமும், அங்கே வாசித்தவர்களுக்காக இசைத்தட்டு வடிவில் பதித்த நினைவுச் சின்னங்களும் இருக்கின்றன. ஆலிவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில். அந்த நேரம் ரயில் ஏதாவது போனால், சத்தத்தைப் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பு.

அப்பா