கிங்ஸ் சர்க்கிள் அண்ணாச்சிக்கு நன்றி

மும்பை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம், சூடான என்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்ப மறுத்த என் பழைய காரைக் கண்டு ஸ்கூட்டரை ஓரங்கட்டிய அண்ணாச்சிக்கு நன்றி. கூடியவர்கள் எல்லோரும் பேட்டரியைத்தான் திட்டினார்கள். அவரோ ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். ஒன்று மட்டும் கரி படிந்து பெட்ரோல் நாறியது. என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, என்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை, அவற்றுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ரெயில் குழாயோடு வெளியே எடுத்து, சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். (அதற்குமுன் இக்னிஷன் இணைப்பைப் பிடுங்கினார், சிகரெட்டோடு எட்டிப் பார்த்தவரை அவர் விரட்டியது தனிக் கச்சேரி.) பம்ப் அழுத்தம் ஏறியதும் கரி படிந்த பிளக் இருந்த சிலிண்டருக்கான இன்ஜெக்டரின் முனையில் மட்டும் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல். அணைத்த பிறகும் உள்ளே கசிந்து கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடுவதால்தான் சூட்டில் திணறுகிறது என்றார். அந்த இன்ஜெக்டரையும் ரப்பர் வளையங்களையும் மாற்றியாயிற்று. இப்போது முதல் திருப்பிலேயே கிளம்புகிறது. பணம் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. அண்ணாச்சி, மாட்டுங்கா பக்கம் வந்தால் ஃபில்டர் காப்பி என் கணக்கு.