சாமி வெள்ளி அடித்தவர்களுக்கும் பலகையில் ஒரு வரி

மதராஸ் வெள்ளிச் சாமான்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகக் காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். சாமி உருவங்கள் புடைத்து நிற்கும் தேநீர்ச் சாமான்களின் கீழே 'செய்தவர்: பி. ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ்' என்று எழுதி வைக்கிறீர்கள். அடியில் குத்தியிருக்கும் முத்திரை அதுதான், சரி. ஆனால் அந்த முத்திரைக்குரிய பீட்டர் ஆர் (Orr) கடிகாரக்காரர். 1840களில் மதராஸுக்கு வந்து கடை வைத்தவர். மவுண்ட் ரோட்டில் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசம் வரைந்த அந்தக் கடையின் மணிக்கூண்டுக் கட்டடம் இன்றும் இருக்கிறது. கடிகார முகப்பில் அவர் பெயர் இருந்தால், உள்ளே ஓடும் இயந்திரம் பெரும்பாலும் கப்பலில் வந்தது. வெள்ளியில் அதே பெயர் இருந்தால், அடித்தவை உள்ளூர் ஆசாரிகளின் கைகள்.

அந்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தகட்டை அடித்துக் குடமாக எழுப்ப வேண்டும். அடிக்க அடிக்க வெள்ளி விறைத்துக்கொள்ளும். நெருப்பில் வாட்டி இளக்கி மறுபடி அடிக்க வேண்டும். உள்ளேயிருந்து தட்டி உருவத்தைப் புடைக்க வைத்து, அப்புறம் குங்கிலியமும் செங்கல் பொடியும் எண்ணெயும் சேர்ந்த அரக்கை உருக்கி நிரப்பி, ஆறியதும் வெளியிலிருந்து சிற்றுளியால் கண், மூக்கு, நகை என்று எடுப்பார்கள். மயில் தோகையில் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகத் தட்டி எடுக்க வேண்டும். எந்தச் சாமிக்கு எந்த வாகனம் என்று வாங்கிய துரைக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடித்தவருக்குத் தெரியும், முருகனை எலிமேல் ஏற்றிவிட மாட்டார்.

வெள்ளிக்கு ரூபாய் நாணயத்தையே உருக்குவதும் உண்டு. ஒரு ரூபாய் 11.66 கிராம், அதில் 12இல் 11 பங்கு வெள்ளி. இங்கிலாந்தில் தரச்சோதனை முத்திரை கட்டாயம். இங்கே அப்போது அப்படி ஒன்றும் இல்லை. கடைக்காரர் தன் பெயரைக் குத்தினார், அவ்வளவுதான். ஆசாரி பெயர் குத்த யாருக்கும் தோன்றவில்லை. 1875-76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது பரிசாகப் போன தேநீர் செட்டிலும் கடைப் பெயர்தான் நின்றது.

ஆரின் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. கடையை நடத்தி, வாங்க ஆள் பிடித்தவர் அவர். அதுவும் ஒரு திறமைதான். 'கடை' என்று போட்டு அவர் பெயரை எழுதுங்கள். 'செய்தவர்' என்ற இடத்தில் 'மதராஸ் வெள்ளி ஆசாரிகள், பெயர் பதிவாகவில்லை' என்று எழுதுங்கள். பெட்டியில் இடமிருந்தால் பக்கத்தில் நாலைந்து உளிகளும் ஓர் அரக்குக் கட்டியும் வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் முதலில் அதைத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர் ஒருவர்