வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: நகல் வேறு, டூப்ளிகேட் வேறு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இருபத்திரண்டு வருடமாகச் சூரமங்கலத்தில் பத்திரம் எழுதுகிறோம். இப்படி ஒரு கடிதம் எழுதும் அவசியம் இதுவரை வந்ததில்லை. போன வாரத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். மீதிப் பேருக்கு இந்நேரம் யாராவது அனுப்பியிருப்பார்கள். "மூணு மாசம் இழுத்தடிச்சு, காசையும் வாங்கிக்கிட்டு, கடைசியில டூப்ளிகேட் பத்திரத்தைக் கையில குடுத்துட்டாங்க" என்று எங்களைப் பற்றிச் சொல்கிறார் அதில் பேசும் அம்மா. வீட்டுப் பத்திரத்தின் அசல் தொலைந்துவிட்டது என்று எங்களிடம் வந்தவர் அவர்.

இழுத்தடித்ததையும் காசையும் பற்றி அப்புறம் சொல்கிறேன். அந்த 'டூப்ளிகேட்' என்ற சொல்தான் தூங்கவிடவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடைக்குப் போய், "உங்க வெள்ளி டூப்ளிகேட்டாமே" என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

அவர் கைக்குப் போனது சான்றிட்ட நகல். ஒரு கிரயப் பத்திரம் பதிவாகும்போது அதன் வாசகம் சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்களுக்கென்று இருக்கிற பதிவேடான 1-ஆம் புத்தகத்தில் ஏறிவிடுகிறது. வீட்டில் இருக்கிற அசலைக் கரையான் தின்றாலும் அந்தப் பதிவு அங்கே இருக்கும். மனுப் போட்டுக் கட்டணம் கட்டினால், அதைப் பார்த்துக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தருவார்கள். அசலில் என்ன எழுதியிருந்தது என்பதை நிரூபிக்க அந்த நகல் செல்லும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே 57-ஆம் பிரிவில் சொல்கிறது. அதை நாங்கள் தயாரிப்பதில்லை. தயாரித்தால் இந்தக் கடிதத்தை வேறு இடத்திலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

சரி, நகல் அவ்வளவு உறுதியானது என்றால் வீடு வாங்குகிறவர் ஏன் முகம் சுளிக்கிறார்? அசல் எங்கே என்பதுதான் அவருடைய பயம். நம் ஊரில் பத்திரத்தைக் கையில் கொடுத்து வட்டிக்கு வாங்குவது ஒன்றும் புதிதில்லை. அப்படிக் கைமாறியது, சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறியிருக்க வேண்டும் என்றும் இல்லை. வீடு கைமாறிய பிறகு ஒருவர் அசலைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது? அதனால்தான் காவல் நிலையத்தில் புகார், தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்று, நாளிதழில் அறிவிப்பு, உறுதிமொழிப் பத்திரம் என்று அத்தனையும் கேட்கிறார்கள்.

"அந்த விதியைத்தான் ரத்து செய்துவிட்டார்களே" என்று சிலர் சண்டைக்கே வருகிறார்கள். பத்திரம் பதியும்போது முந்தைய அசலைக் காட்டச் சொல்லி 2022-இல் வந்த தமிழ்நாட்டுப் பதிவு விதிகளின் 55-ஏ விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்றது உண்மை. அதன் பிறகு சட்டத்தையே திருத்தும் வேலை தொடங்கியது. அது எப்படிப் போனாலும், வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியின் வழக்கறிஞர் எந்த விதியையும் பார்த்துவிட்டு அசலைக் கேட்பதில்லை. அவருக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் தொலைந்தது என்று சொல்லி வருகிற எல்லோரையும் முதலில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறோம். அது சிலருக்குப் பிடிப்பதில்லை. ஒருமுறை அம்மாப்பேட்டை அண்ணன் ஒருவர் புகார் எழுதக் கிளம்பிவிட்டார். கொஞ்சம் கிளறிப் பார்த்ததில், பழைய கடனுக்காக வங்கியில் கொடுத்த பத்திரத்தைக் கடன் முடிந்தும் யாரும் போய் வாங்கவே இல்லை என்று தெரிந்தது. கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசலைத் திருப்பித் தர வேண்டும், தாமதம் வங்கியின் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் உள்ள கணக்கு இது. பழைய கடன்காரர்களும் ஒருமுறை போய்க் கேட்டுப் பாருங்கள், தப்பில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். மச்சான் கையிலோ பைனான்ஸ்காரர் பெட்டியிலோ இருக்கும் பத்திரத்தைத் 'தொலைந்தது' என்று எழுதித் தர மாட்டோம். இரண்டு பேர் இதனாலேயே வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும்.

அந்த அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். குடும்ப விவரம் எதையும் இங்கே எழுதப்போவதில்லை. அவர்களுடைய தாய்ப்பத்திரம், அதாவது சொத்துக்கு மூலமான பழைய பத்திரம், 1968-ஆம் வருடத்தது. நாங்கள் இணையத்தில் எடுக்கும் வில்லங்கம் 1975-இலிருந்துதான். அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டுக் கையால் தேட வேண்டும். நகல் கிடைத்த பிறகும் அந்தக் கையெழுத்தையும் நான்கு பக்க எல்லையைச் சொல்லும் செக்குபந்தியையும் படித்து, இன்றைய சர்வே எண்ணோடு பொருத்த வேண்டும். அதில் கெட்டிக்காரரான எங்கள் தம்பி சித்திரையில் கோயம்புத்தூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். இடையில் கோப்பு எங்கள் மேசையிலேயே மூன்று வாரம் கிடந்தது. அதற்கு வருந்துகிறோம். காவல் நிலையச் சான்று வர ஆன நாளெல்லாம் எங்கள் கணக்கில் வராது என்பதையும் தயவுசெய்து நினைத்துக்கொள்ளுங்கள்.

காசு பற்றி. முன்பு 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய உறுதிமொழிப் பத்திரத்துக்கு 2024 முதல் 200 ரூபாய்த் தாள் வேண்டும். நாளிதழ் அறிவிப்புச் செலவும் கூடிவிட்டது. நாங்கள் வாங்குகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் இனி ரசீது உண்டு. தொலைந்த பத்திர வேலைக்கான எங்கள் கூலி மட்டும் வரும் ஒன்றாம் தேதி முதல் 4,000-க்குப் பதில் 5,500.

அந்தக் குரல் பதிவைக் கேட்டும் மறுநாள் காலையில் தட்டுவடை செட்டோடு வந்து, "நாங்க இருக்கோம் சார்" என்று உட்கார்ந்தவர்களை மறக்க மாட்டோம். அப்பா காலத்தில் கிரயம் எழுதி, இன்று மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுத அதே பெஞ்சில் வந்து உட்காருகிறீர்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. அந்த அம்மாவும் வரட்டும். மீதி வேலைக்குக் கூலி வேண்டாம்.

பத்திரம் காணோம் என்று வருகிறவர்கள் பழைய வீட்டு வரி ரசீது, பட்டா, பத்திரத்தின் ஜெராக்ஸ் எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள். ஆவண எண்ணும் வருடமும் தெரிந்தால் பாதித் தேடல் குறையும். வருவதற்கு முன் சாமிப் படத்துக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போன வருடம் மட்டும் இரண்டு பேருக்கு அங்கேதான் கிடைத்தது.

இப்படிக்கு,
உங்கள் பத்திர எழுத்தர்,
சூரமங்கலம், சேலம்.