கூழாங்கல் பெரிய செய்திதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

செவ்வாய் பற்றிய செய்தி என்றாலே 'வேற்றுக்கிரகவாசி', 'மர்ம உருவம்' என்று தலைப்பு போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அங்கே உண்மையில் கிடைத்ததே பெரிய அதிசயம். 2012 ஆகஸ்டில் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, கொஞ்ச நாளிலேயே அனுப்பிய படங்களில் பாறைக்குள் உருண்டை உருண்டையாகக் கூழாங்கற்கள் பதிந்திருந்தன, காற்று தூக்கிவர முடியாத அளவுக்குப் பெரியவை, அதனால் ஓடும் தண்ணீர்தான் அவற்றை உருட்டித் தேய்த்திருக்க வேண்டும், கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழமுள்ள ஓடை அது என்று விஞ்ஞானிகள் கணித்தார்கள். இன்று அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் தண்ணீர் ஆறாக ஓடி நிலைக்க முடியாது. ஆனாலும் படத்தைப் பார்த்தால் நம்மூர் வறண்ட ஆற்றுப்படுகை போலவே இருக்கிறது!

அப்புறம், சனியின் நிலாவான டைட்டன். 2005 ஜனவரி 14-ல் அங்கே இறங்கிய ஹைகன்ஸ் கலம் காட்டியதும் கூழாங்கற்கள் போன்ற உருண்டைகளைத்தான். சுமார் மைனஸ் 180 டிகிரி குளிரில் கல்லாக இறுகிய பனிக்கட்டி அவை, அங்கே ஆறாக ஓடுவது தண்ணீர் அல்ல, குளிரில் திரவமாகிவிட்ட மீத்தேன் வாயு.

இந்தப் படங்களை ஞாயிறு இதழில் பெரிதாக, நல்ல விளக்கத்தோடு போடுங்கள். பிள்ளைகள் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்