ரோயல் பாம் நடுவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏ9 வீதியோரம் புதிதாக எழும்பும் மண்டபங்கள், கடைத்தொகுதிகள், பாடசாலை வாசல்கள் என்று எங்கு பார்த்தாலும் இப்போது ரோயல் பாம் என்ற பனைக்குல அழகுமரத்தின் கன்றுகள் நடப்படுகின்றன. நல்ல விடயம். ஆனால் போன கிழமை மாங்குளத்தில் ஒரு வாசலில், மின்கம்பிக்கு நேர் கீழே, மூன்றடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கன்றுகள் நிற்பதைக் கண்டேன். மனம் கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

கியூபாவின் தேசிய மரம் இது. எழுபது, எண்பது அடி வளரும். பேராதனைப் பூங்காவில் இரு மருங்கும் வரிசையாக நிற்கும் ரோயல் பாம்களின் நடுவே நடந்தவர்களுக்கு அதன் கம்பீரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மீள்குடியேறி வளவைத் துப்புரவாக்கியபின், 2012 இல் நானும் அந்த ஆசையில்தான் ஆறு கன்றுகள் வாங்கினேன். விற்றவர் ஆறும் ரோயல் பாம் என்றே தந்தார். மூன்று வருடங்கள் சென்றபின்தான் நான்கு வேறு இனம் என்று தெரிந்தது. அவை அவுஸ்திரேலியாவின் பொக்ஸ்டெயில் பாம். அதுவும் அழகான மரந்தான், ஆனால் முப்பதடியோடு நின்றுவிடும். வரிசையாக வைக்க நினைத்த எனக்கு, இரண்டு நெட்டையும் நான்கு குட்டையுமாக ஆகிவிட்டது.

கன்றை வாங்கும்போதே இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பொக்ஸ்டெயிலின் சிற்றிலை நுனி, மீன் கடித்ததுபோலப் பிய்ந்து இருக்கும். ரோயல் பாமின் சிற்றிலை ஒடுங்கிக் கூராக முடியும். வளர்ந்த மரமென்றால் இன்னும் இலகு: சீமெந்து பூசியது போன்ற வெண்சாம்பல் தண்டு, நடுவில் சற்றுப் பருத்திருக்கும், அதற்கு மேலே ஓராள் உயரத்துக்குப் பச்சை மடல் உறை, பாளை வெடிப்பது அந்த உறைக்குக் கீழே. இதன் இனத்திலேயே இன்னும் நெட்டையான ஒன்று உண்டு. அதன் கீழ்மட்டைகள் கிடையாக நிற்குமே தவிர, ரோயல் பாமைப்போல் தொங்கி உறையை மறைப்பதில்லை.

பனையைப் போல நட்டுவிட்டு மறக்கக்கூடிய மரம் இதுவன்று. பனை எங்கள் வரட்சிக்குப் பிறந்தது. இதுவோ ஈரநிலத்து மரம். ஐப்பசியில் முதல் மழையோடு நட்டால் தை வரைக்கும் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும். பிறகு மூன்று கோடைக்காவது தண்ணீர் ஊற்றவே வேண்டும். நான் அடியில் காவோலையைப் பரப்பி வைத்து, சோளகக் காற்று மண்ணைக் காயவிடாமல் காத்தேன். மாட்டெரு தாராளமாகப் போட்டேன். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மங்கனீசு என்ற சத்து மரத்துக்கு எட்டாது. குருத்து சிறுத்து, பொசுங்கியதுபோலச் சுருண்டு வரும். என்னுடைய ஒரு கன்றுக்கு அப்படி வந்தபோது நோய் என்று நினைத்துப் பூச்சிமருந்து அடித்து ஒரு வருடத்தை வீணாக்கினேன். மங்கனீசு சல்பேட் போட்டபின் அடுத்த குருத்து நிமிர்ந்து வந்தது. கீழ்மட்டையில் மஞ்சள் புள்ளி விழுந்தால் அது பொட்டாசியக் குறைவு. அந்த மட்டையை அழகுக்காக வெட்டாதீர்கள். மரம் அதிலிருந்துதான் சத்தை எடுத்துப் புது ஓலைக்குக் கொடுக்கிறது. யூரியாவை மட்டும் போட்டால் குறைபாடு இன்னும் கூடும்.

இனி, இடம். பனையின் காவோலை தொங்கிக்கொண்டே இருக்கும். ரோயல் பாமின் மட்டை பழுத்ததும் உறையோடு கழன்று விழும். கமுகம் மடலைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எப்படியிருக்கும்? பத்துப் பன்னிரண்டு அடி நீளம், வளர்ந்த மரத்தில் 20 கிலோ வரை நிறை. போன ஆவணியில் என் முற்றத்தில் ஒன்று விழுந்தது. பேரனின் சைக்கிள் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான். மட்டையின் அடி மண்ணில் இரண்டு அங்குலம் பதிந்திருந்தது. பாடசாலை வாசலில், பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் இந்த மரம் வேண்டவே வேண்டாம். சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி, மரத்துக்கு மரம் இருபதடி விட்டு, மேலே கம்பி இல்லாத இடத்தில் நடுங்கள்.

கம்பியின் கீழ் நட்டால் ஒருநாள் தலையை வெட்டுவார்கள். வெட்டினால் அந்த மரம் முடிந்தது. அதற்கு இருப்பது ஒரே குருத்து. ஷெல் பட்டுத் தலையிழந்த பனைகள் இந்த மண்ணில் எத்தனை வருடம் மொட்டையாக நின்றன என்று நாம் கண்டவர்கள். ஒன்றாவது தழைத்ததா? தண்டில் ஆணியடித்து விளம்பரப் பலகை மாட்டுவோரும் கேளுங்கள்: பனைக்குலத்தின் தண்டில் பட்ட காயம் மாமரத்தைப்போல் மூடி வளராது. அந்த ஓட்டை மரம் உள்ளவரை இருக்கும்.

கன்று விற்பவர்கள் ஒவ்வொரு பையிலும் சரியான இனப்பெயரை எழுதி ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். சபைகளும் பாடசாலைகளும் கன்றுக்குக் காசு ஒதுக்கும்போது, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் ஆளுக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும்.

என் இரண்டு ரோயல் பாமில் ஒன்று இந்த வருடம் முதன்முதலாகப் பாளை விட்டிருக்கிறது. காய் பழுத்து ஊதா நிறமானதும் விதை எடுப்பேன். முளைக்க இரண்டு மூன்று மாதமாகும். வேண்டியவர்களுக்குக் காசில்லாமல் தருவேன். நடப்போகும் இடத்தை மட்டும் முதலில் எனக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயபாட ஆசிரியர்,
மாங்குளம்.