போர்த்துகீசிலேயே பாடுங்கள்: ஆர்.டி.பி.க்கு ஒரு திறந்த மடல்

போர்ச்சுகலின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.பி.க்கும், ஐரோப்பிய நாடுகள் மோதும் பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்கு ஆண்டுதோறும் பாட்டைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் ‘ஃபெஸ்டிவல் டா கன்சாவ்’ விழாக் குழுவினருக்கும்,

வணக்கம்.

உங்கள் நாட்டோடு எனக்கு உறவு எதுவும் கிடையாது. போர்த்துகீசு மொழியும் தெரியாது. யூரோவிஷன் பார்க்கும் தமிழ் ரசிகன், அவ்வளவுதான். ஆனால் எந்த மொழியில் பாடுவது என்ற பேச்சு எழும்போதெல்லாம் என்னைப் போன்றவர்களைக் காட்டித்தான் ஆங்கிலத்துக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். “வெளிநாட்டுக்காரனுக்குப் புரிய வேண்டாமா?” என்கிறார்கள். அந்த வெளிநாட்டுக்காரன் நான்தான். 2023 முதல் போட்டியில் இல்லாத நாடுகளில் இருப்பவர்களும் இணையம் வழியாக வாக்களிக்கலாம். எல்லாருடைய வாக்கையும் சேர்த்து ஒரு நாட்டின் வாக்காக எண்ணுகிறார்கள். ஆகவே எனக்கும் இதில் ஒரு துளி பங்கு உண்டு என்ற உரிமையில் கேட்கிறேன்: எங்களுக்காக நீங்கள் மொழியை மாற்ற வேண்டாம்.

2017 மே 13, கீவ் நகரத்து இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். மற்றவர்கள் பெரிய மேடையில் வெளிச்சமும் நடனமுமாகப் பாடிவிட்டுப் போனார்கள். நீங்கள் அனுப்பிய பாடகர் சல்வதோர் சோப்ரால் பார்வையாளர்களுக்கு நடுவே இருந்த சின்ன மேடையில் தனியாளாக வந்து நின்றார். உடம்புக்குப் பெரிதாகத் தொங்கிய கறுப்புக் கோட்டு, பின்னால் முடிந்த தலைமுடி. பாடப் பாட அவருடைய விரல்கள் காற்றில் எதையோ தேடிக்கொண்டே இருந்தன. தோள் ஒரு பக்கமாக ஒடுங்கியது. பியானோவும் வயலின்களும் அவருக்கு வழிவிட்டு மெதுவாக நடந்தன. எழுதி இசையமைத்தவர் அக்கா லூயிசா சோப்ரால். தம்பிக்கு இதய நோய். கீவில் தொடக்க ஒத்திகைகளில் அவருக்குப் பதிலாக அக்காதான் நின்று பாடினார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே சல்வதோருக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது.

‘அமார் பெலுஷ் தோய்ஷ்’, அதாவது இருவருக்குமான காதலை நான் ஒருவனே சுமந்துகொள்கிறேன் என்று ஒருவன் கெஞ்சும் பாட்டு. அது 758 புள்ளிகள் வாங்கியது. நடுவர்கள் தந்தது 382, மக்கள் தந்தது 376. இரண்டிலும் முதலிடம்.

அந்த மேடையில் போர்த்துகீசைத் தேசிய மொழியாகக் கொண்ட நாடு உங்களுடையது ஒன்றுதான். உங்கள் பாட்டுக்கு நீங்களே வாக்களிக்கவும் முடியாது. சரி, பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் பிழைக்கப்போன உங்கள் மக்கள் போட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். மற்ற நாடுகளில் போட்டது யார்? நடுவர் குழுக்களில் இருந்தவர்கள் எல்லாரும் லிஸ்பனில் பிறந்தவர்களா? பெரும்பங்கு புள்ளிகள் ஒரு சொல்கூடத் தெரியாதவர்கள் கொடுத்தவைதான். அந்தக் கூட்டத்தில் ஒருவனாகத்தான் பேசுகிறேன்.

மொழி தெரியாமல் பாட்டு கேட்பது எங்களுக்குப் புதிதில்லை. தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கண்கலங்கியவர்கள் தமிழர்கள். அவர்களில் பலருக்குத் தெலுங்கில் கடைக்குப் போய் உப்பு வாங்கத் தெரியாது. அதே தமிழர்கள்தான் எங்கள் மேடையில் எங்கள் மொழியும் ஒலிக்க வேண்டும் என்று தமிழிசை இயக்கம் நடத்தினார்கள். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கினார். பிறர் மொழிப் பாட்டை மனமாரக் கேட்கவும் வேண்டும், நம் மேடையில் நம் மொழியில் பாடவும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

உங்கள் யூரோவிஷன் வரலாற்றை நீங்களே சில சமயம் தோல்விக் கணக்காக வாசிக்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றும். முதல் முறை போனது 1964, கோபன்ஹேகன்; அந்தோனியோ கல்வாரியோ பாடினார்; புள்ளி பூஜ்ஜியம். முதல் வெற்றி 2017. நடுவில் 53 ஆண்டுகள். அதுவரை உங்களுடைய சிறந்த இடம் 1996இல் லூசியா மோனிஸ் வாங்கிய 6ஆவது இடம்தான். 2004 முதல் 2007 வரை அரையிறுதியையே தாண்டவில்லை. 2013லும் 2016லும் போகவே இல்லை. எண்களை மட்டும் அடுக்கினால் வருத்தமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தப் பாட்டுகளை வரிசையாகக் கேட்டால் ஒரு நாடு பேசுவது கேட்கிறது. 1964இலேயே மேடைமேல் ஒருவர் ஏறி, ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவையும் உங்கள் சர்வாதிகாரி சலசாரையும் புறக்கணியுங்கள் என்ற பதாகையை விரித்துக் காட்டினார். உள்நாட்டில் தணிக்கை, ஆப்பிரிக்காவில் காலனியப் போர். 1967இல் நீங்கள் அனுப்பிய எதுவார்தோ நசிமெந்தோ அங்கோலாவின் லுவாண்டாவில் பிறந்தவர். யூரோவிஷன் மேடையேறிய முதல் கறுப்பின ஆண். அவர் பாடிய நாளில் அங்கோலாவில் உங்கள் படைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. 1969இல் சிமோனே டி ஒலிவேரா பாடிய பாட்டை எழுதியவர் கவிஞர் அரி தோஸ் சாந்தோஸ். பிள்ளை பெறுவதில் பெண்ணுக்கும் இன்பம் உண்டு என்று வெளிப்படையாகச் சொன்ன ஒரு வரி அன்றைய கட்டுப்பெட்டி போர்ச்சுகலைக் கலக்கியது. போட்டி நடந்த மாட்ரிட் நகரில் அதற்குக் கிடைத்தது 4 புள்ளி, 16 நாடுகளில் 15ஆவது இடம். ஆனால் ஊர் திரும்பியவரை வரவேற்க லிஸ்பன் ரயில் நிலையத்தில் பெருங்கூட்டம் திரண்டது. புள்ளிப் பட்டியலைப் பார்த்தா அந்த மக்கள் வந்தார்கள்? 1973இல் அதே கவிஞர், காளைச் சண்டையை வர்ணிப்பதுபோல் ஆட்சியாளர்களைக் கிழித்து ஒரு பாட்டு எழுதினார். தணிக்கைக்காரர்கள் கோட்டைவிட்டார்கள். ஃபெர்னாந்தோ தோர்தோ அதை லக்சம்பர்க் மேடையில் பாடினார். அந்த வரிகளின் குத்தல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் யாருக்கு உறைத்திருக்கும்? உள்ளூர்க்காரன் உள்ளூர் மொழியில் கேட்டுச் சிரிப்பதற்கென்றே எழுதிய பாட்டு அது.

அப்புறம் 1974. அந்த ஆண்டைச் சொல்லாமல் உங்களுக்குக் கடிதம் எழுத என்னால் முடியாது.

ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டன். ஸ்வீடனின் ஆபா குழு உலகப் புகழுக்குப் படியேறிய அதே இரவில் உங்கள் பவுலோ டி கர்வாலோ ஒரு பிரிவுப் பாட்டைப் பாடினார். விடைபெற்ற பிறகு மிஞ்சும் வெறுமையைச் சொல்லும் காதல் பாட்டு, ஒரு சொல் அரசியல் கிடையாது. 3 புள்ளி, இன்னும் மூன்று நாடுகளோடு சேர்ந்து கடைசி இடம். பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 24 இரவு 10:55க்கு லிஸ்பன் வானொலி ஒன்று அந்தப் பாட்டை ஒலிபரப்பியது. சர்வாதிகாரத்தைக் கவிழ்க்கக் காத்திருந்த இளம் ராணுவ அதிகாரிகளுக்கு அதுதான் தயாராகுங்கள் என்ற முதல் சைகை. போட்டிக்குப் போய்வந்த சாதாரணக் காதல் பாட்டு என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நள்ளிரவு தாண்டி 12:20க்கு இன்னொரு வானொலியில் ஜொசே அஃபோன்சோவின் பாட்டு ஒலித்தது. அது இரண்டாவது சைகை, படைகள் கிளம்பின. மறுநாள் சிப்பாய்களின் துப்பாக்கி முனைகளில் சிவப்புக் கார்னேஷன் பூக்களைச் செருகியிருந்தார்கள் லிஸ்பன் மக்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் கால அடக்குமுறை ஒரே நாளில் சரிந்தது.

யூரோவிஷனில் கடைசி இடம் வாங்கிய பாட்டு ஒன்று ஒரு நாட்டின் விடுதலை நாளுக்குக் கதவைத் திறந்திருக்கிறது. வேறு எந்த நாட்டுக்கும் இப்படி ஒரு பெருமை கிடையாது. அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமுக்கு நீங்கள் அனுப்பியதும் அந்தப் புரட்சியில் பங்கெடுத்த ராணுவ கேப்டனான துவார்த்தே மென்தெஸைத்தான். அதற்கடுத்த ஆண்டு உங்கள் மரபிசையான ஃபாடோவின் பாடகர் கார்லோஸ் டோ கார்மோ, கவிஞர் மனுவெல் அலெக்ரேயின் வரிகளோடு போனார். பாட்டுக் கூடத்துக்குக் கவிஞர்களைக் கூப்பிட்ட நிறுவனம் நீங்கள்.

எல்லாமே எனக்கு உவப்பானவை என்று பொய் சொல்ல மாட்டேன். 1989இல் ‘கொங்கிஸ்டடோர்’ என்று ஒரு பாட்டு அனுப்பினீர்கள். கடலோடிப் பிடித்த நாடுகளின் பட்டியல் அதில் வருகிறது: பிரேசில், அங்கோலா, மொசாம்பிக், கோவா, மக்காவ். துள்ளலான மெட்டுதான். ஆனால் 1961 வரை உங்கள் பிடியில் இருந்த கோவாவின் பெயரை அந்தத் துள்ளலில் கேட்கும்போது இந்தியாவில் பிறந்த எனக்கு நெருடுகிறது. இருந்தும் அந்தப் பாட்டு உங்கள் மொழியில் இருப்பதே நல்லது என்பேன். உங்கள் நாடு அன்று தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்பது ஒளிவுமறைவில்லாமல் அதில் பதிவாகிவிட்டது.

இப்போது ஆங்கிலத்துக்கு வருகிறேன். யூரோவிஷனில் 1999 முதல் எந்த மொழியிலும் பாடலாம். நாடுகள் வரிசையாக ஆங்கிலத்துக்குத் தாவின. நீங்கள் அங்கங்கே கொஞ்சம் கலந்தீர்களே தவிர முழுதாகத் தாவவில்லை. 2021இல்தான் முதன்முதலாக முழுக்க ஆங்கிலப் பாட்டு ஒன்று உங்கள் பெயரில் போனது. பிளாக் மாம்பா குழுவினர் நன்றாகவே பாடினார்கள், 12ஆவது இடமும் வாங்கினார்கள். அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே மற்ற ஆண்டுகளையும் பாருங்கள். 2022இல் மாரோ தோழிகளோடு வட்டமாக நின்று, ஆங்கில வரிகளுக்கு நடுவே ஏக்கத்தை மட்டும் உங்கள் மொழியில் விட்டுவைத்துப் பாடினார்: 9ஆவது இடம். 2024இல் இயோலாண்டா முழுக்க போர்த்துகீசில்: 10ஆவது இடம். ஆங்கிலம் கூடுதல் புள்ளி தரும் என்ற கணக்கு உங்கள் ஏட்டிலேயே உதைக்கிறது.

2025இல் மதெய்ரா தீவிலிருந்து வந்த நாபா குழு பாடியதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தீவை விட்டுத் தலைநகரத்துக்கு வந்தவனுக்கு ஊர் நினைப்பு விடாத பாட்டு. 21ஆவது இடம்தான். மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்த பிறகு அதை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். யாழ்ப்பாணத்தை விட்டு டொரொண்டோ போனவருக்கும், திருநெல்வேலியை விட்டு துபாய் போனவருக்கும் அதில் புரியாதது எதுவும் இல்லை. அதே பாட்டை எல்லாருக்கும் பொதுவான ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், எந்த ஊரை விட்டு வந்தவன் பாடுகிறான் என்பதே தெரிந்திருக்காது.

உங்களிடம் கேட்பது பெரிய காரியங்கள் இல்லை. ஆங்கிலத்துக்குத் தடை போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். எந்த மொழியில் எழுதுவது என்பது எழுதுபவரின் உரிமை. 2016இல் போட்டிக்குப் போகாமல் நின்று விழாவைத் திருத்தி அமைத்தீர்கள். மறு ஆண்டே நீங்கள் அழைத்த இசையமைப்பாளர்களில் ஒருவராக லூயிசா சோப்ரால் வந்தார். அந்த அழைப்பைக் கவிஞர்களுக்கும் நீட்டுங்கள். அரி தோஸ் சாந்தோஸின் இடத்தில் இன்று எழுத உங்கள் நாட்டில் ஆள் இல்லாமலா போகும்?

லிஸ்பன் தெருக்களில் ஒருகாலத்தில் உங்கள் காலனியாக இருந்த ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டேயின் கிரியோல் மொழியும் கேட்கிறது. 1994இல் உங்களுக்காகப் பாடிய, இப்போது நம்மிடையே இல்லாத சாரா தவாரேஸ் அந்த மண்ணிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். பின்னாளில் கிரியோலிலும் பாடிப் பேர் வாங்கினார். உங்கள் மொழி என்று நான் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்கிறேன். கொங்கிஸ்டடோர் பாட்டில் பட்டியலாக மட்டும் வந்த ஊர்கள் தங்கள் குரலிலேயே ஒரு முறை அந்த மேடைக்கு வரட்டுமே.

கடைசியாக ஒன்று, இது முழுக்க எங்களுக்காக. பாட்டுகளின் வரிகளையும் நல்ல மொழிபெயர்ப்பையும் விழா நடக்கும் அன்றே உங்கள் இணையதளத்தில் போடுங்கள். அதைக் கவிதை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். இயந்திரத்திடம் விட வேண்டாம். ரசிகர்கள் ஆளுக்கொரு விதமாகப் பெயர்த்து வைத்திருப்பதில் எது சரி என்று தெரியாமல் திண்டாடுகிறோம். புரிய வேண்டும் என்பதுதான் கவலை என்றால் அதற்கு மருந்து இதுதான். அடுத்த விழாவுக்குப் பாட்டாசிரியர்களை அழைத்து எழுதும் கடிதத்தில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்: வெளிநாட்டு ரசிகர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவர்களுக்கு வேண்டியதை நாங்கள் மொழிபெயர்த்துத் தருகிறோம், நீங்கள் உங்கள் மொழியில் எழுதுங்கள்.

அன்புடன்,
தமிழ் ரசிகன் ஒருவன்